ஒரே அடியை எட்டு மணி நேரம் கேட்பது: பெர்லின் டெக்னோ அரங்குகளில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரனின் அனுபவம்

பெர்லினில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, அடுத்த பருவத்தில் இங்கே வரவிருக்கும் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். டெக்னோ என்ற மின்னணு நடன இசை இயந்திரத்தில் ஓடவிட்ட ஒரே அடிதானே, அதைக் கேட்பதற்காக மனிதர்கள் குளிரில் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பது ஏன் என்பது முதல் கேள்வி. போதைப்பொருளைத் தவிர அங்கே வேறு ஏதேனும் இருக்கிறதா என்பது இரண்டாவது. நம்மைப் போன்ற தோற்றமுள்ளவர்களை உள்ளே விடுவார்களா என்பது மூன்றாவது. நான் டிஜே அல்லன். 2010 முதல் 2022 வரை இந்நகரத்தின் அரங்குகளில் ஒலிபெருக்கிகளைச் சுமந்தும், இணைத்தும், சரிபார்த்தும் பிழைத்தவன். ஆகவே இதைப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று பார்த்தவனின் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா தேனி மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என எதுவாக இருந்தாலும், பள்ளி விடுமுறையில் குழாய் ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றிக் கட்டுவது என் வேலையாக இருந்தது. ஒலியியல் படிக்க 2009இன் இறுதியில் பெர்லின் வந்தபோது, செலவுக்காக ஒலிக்கருவிகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் என்னிடம் கேட்டது, நாற்பது கிலோ பெட்டியைப் படியில் ஏற்ற முடியுமா என்ற ஒன்றைத்தான்.

முதன்முதலாக ஒரு டெக்னோ அரங்குக்குள் நான் நுழைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு. நிகழ்ச்சி முடிந்திருக்கும், பெட்டிகளைக் கழற்றி வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனேன். ஆனால் அங்கே இரவு பாதிகூட ஆகியிருக்கவில்லை. பழுதாகிவிட்ட சப்வூஃபர் (தாழ் ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) ஒன்றை, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிக் கொடுப்பதற்காகத்தான் எங்களை அழைத்திருந்தார்கள். ஊழியர்களுக்கான பின்வாசல் வழியாக இருட்டுக்குள் போனேன். காதைப் பிளக்கும் இரைச்சலை எதிர்பார்த்திருந்த எனக்கு, பக்கத்தில் வந்த சக ஊழியர் என் காதருகே குனிந்து சாதாரணக் குரலில் பேசியது தெளிவாகக் கேட்டதுதான் முதல் வியப்பு. இரண்டாவது வியப்பு, கிக் டிரம் எனப்படும் பெரிய முரசொலியின் ஒவ்வோர் அடியும் காதுக்கு வருவதற்கு முன்பே நெஞ்செலும்பில் இறங்கியதைப் போல இருந்தது.

இதற்குக் காரணம் எளியது, ஆனால் ஊரில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நம் காதை வருத்துவது பெரும்பாலும் ஒலியின் அளவைவிட அதன் சிதைவுதான். ஆம்ப்ளிஃபையரை அதன் எல்லைக்கு மேல் முறுக்கும்போது, குழாய் ஸ்பீக்கர் நடு அலைவரிசைகளில் கிழிந்து கத்துகிறது; பெரியப்பா கட்டிய செட்டுகள் எல்லாம் அப்படித்தான் கத்தின, மூன்று ஊருக்குக் கேட்பதே அவற்றுக்கு இடப்பட்ட பணியாதலால் அதில் தவறும் இல்லை. இங்குள்ள நல்ல அரங்குகளில் தேவைக்கு மேல் பல மடங்கு திறனுள்ள கருவிகளை நிறுவி, அவற்றை நிதானமாக ஓட விடுகிறார்கள். தாழ் ஒலிகளுக்குப் பெரிய பெட்டிகளும் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உங்கள் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியால் அந்த அலையை உணரும் அளவுக்கு எழுப்ப முடியாது. எனவே கைப்பேசியில் டெக்னோ கேட்டுவிட்டு அது வெறும் டிக்டிக் என்று நீங்கள் சொன்னால், நீங்கள் கேட்டது அந்த இசையின் மேல்தோலை மட்டுமே.

ஒரே அடி என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 125 முதல் 140 வரை அடிகள், நான்கு நான்காகப் பகுக்கப்பட்டு, மாறாமல் ஓடுவது உண்மைதான். ஆனால் அது தரை. கட்டடம் அதன்மேல் எழுகிறது. டிஜே இரண்டு டர்ன்டேபிள்களில் இரண்டு இசைத்தட்டுகளை ஓட்டுகிறார். பல ஆண்டுகள் எல்லா இடங்களிலும் இருந்த டெக்னிக்ஸ் 1200 கருவியில், தட்டின் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ ஒரு தள்ளுகட்டை உண்டு. ஒரு தட்டு அரங்குக்குக் கேட்டுக்கொண்டிருக்க, மற்றதை ஹெட்ஃபோனில் கேட்டு, இரண்டின் அடிகளும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று அமரும்வரை வேகத்தைச் சரிசெய்து, பிறகு ஒன்றின் பேஸை, அதாவது தாழ் ஒலிகளை, மெல்ல வெட்டி மற்றதன் பேஸைத் திறக்கிறார். தேர்ந்தவர் கையில் இந்தக் கலப்பு மூன்று நான்கு நிமிடங்கள் நீடிக்கும். அந்த நேரத்தில் அரங்கில் ஒலிப்பது இரண்டு தட்டுகளிலும் இல்லாத ஒரு மூன்றாவது இசை. ஒருவர் நான்கு மணி நேரம் வாசிப்பது இங்கே வழக்கம். எட்டு மணி நேரம் வாசித்தவர்களுக்கும் நான் மின்சாரம் கொடுத்திருக்கிறேன். பத்து நிமிடங்களாக ஒரே சட்டகத்தில் உடல் பழகிவிட்ட பிறகு, ஜால்ரா போல ஒலிக்கும் ஒரு ஹை-ஹாட் மட்டும் திறந்துகொண்டால் ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் கையை உயர்த்துகிறார்கள். விரிவான ஓர் ஆலாபனையில், பாடகர் நெடுநேரம் தொடாமல் வைத்திருந்த மேல் ஸ்தாயி சட்ஜத்தைத் தொடும்போது சபையில் எழும் அசைவை நீங்கள் கண்டிருந்தால், இது அதற்கு அவ்வளவு தொலைவில் உள்ளதன்று. ஒப்புமையை இதற்குமேல் நீட்டமாட்டேன். இரண்டு தரப்பு ரசிகர்களும் என்மீது சினம் கொள்வார்கள்.

இந்த இசை பெர்லினில் பிறந்ததும் அன்று. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், கார்த் தொழில் சரிந்துகொண்டிருந்த 1980களில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலிய கறுப்பின இளைஞர்கள் மலிவான டிரம் மெஷின்களிலும் சிந்தசைசர்களிலும் உருவாக்கியது அது. 1988இல் லண்டனில் வெளியான ஒரு தொகுப்பு இசைத்தட்டின் பெயரில் டெக்னோ என்ற சொல் இடம்பெற்றது. அதன் வழியாகவே ஐரோப்பாவில் அப்பெயர் நிலைத்தது. பெர்லினிடம் அப்போது இருந்தவை இரண்டு: வெற்று இடங்களும் வரம்பற்ற நேரமும். 1989 நவம்பர் 9 அன்று, நகரைக் கிழக்கு, மேற்கு எனப் பிரித்திருந்த சுவர் திறந்தது. கிழக்குப் பகுதியின் ஆலைகள், கிடங்குகள், மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; யாருக்கு எது சொந்தம் என்பதே பல கட்டடங்களில் ஆண்டுக்கணக்கில் தீராத வழக்காக இருந்தது. டிமித்ரி ஹேகெமனும் அவருடைய கூட்டாளிகளும் லைப்சிகர் தெருவில், போருக்குப் பின் மேல்கட்டடம் காணாமல் போயிருந்த வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறையில் துருப்பிடித்த பாதுகாப்புப் பெட்டகங்களைக் கண்டுபிடித்து, 1991இல் அங்கே ட்ரெசோர் என்ற கிளப்பைத் திறந்தார்கள். ட்ரெசோர் என்றால் பெட்டகம் என்றே பொருள். அந்த நிலவறையின் தாழ்ந்த கூரையிலிருந்து வியர்வை நீராகச் சொட்டும் என்று, அந்த நாள்களில் அங்கே ஆடிய என் முதல் மேற்பார்வையாளர் சொல்வார். கிழக்கில் வளர்ந்தவர் அவர். மேற்கு பெர்லின்காரர் ஒருவரோடு முதன்முதலாகத் தோளோடு தோள் உரசியது அங்கேதான் என்றும், இருட்டில் யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தது பெரும் நிம்மதியாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார். டெட்ராய்ட்டிலிருந்து ஜெஃப் மில்ஸும் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினரும் அங்கே வந்து வாசித்தார்கள். மார்க் எர்னெஸ்டுஸ் 1989இல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை அவர்களுடைய தட்டுகளை இறக்கி விற்றது.

நேரத்தின் கதை இன்னும் பழையது. 1949இல் ஹைன்ஸ் செல்லர்மையர் என்ற விடுதி உரிமையாளர், போரில் வென்ற நாடுகள் பங்கிட்டு ஆண்ட பெர்லினில் அமெரிக்கப் பகுதியின் தளபதியான ஃபிராங்க் ஹௌலியைச் சந்தித்து, மேற்கு பெர்லினில் மதுக்கடைகளுக்கான இரவு மூடல் நேரத்தை எடுத்துவிடும்படி இணங்க வைத்தார். ஒரு விஸ்கி பாட்டிலுடன் போனார் என்பது ஊரறிந்த கதை. அன்றிலிருந்து இங்கே இரவு முடிய வேண்டிய கட்டாயம் இல்லை. லண்டனில் கடை மூடுவதற்குள் உச்சத்தைத் தொட்டாக வேண்டும் என்று டிஜேக்கள் விரைகிறார்கள். பெர்லினில் அந்த விரைவுக்குத் தேவை இல்லாமல் போனதால்தான் மெதுவாக விரியும், நீளமான, குறைவான ஒலிகளைக் கொண்ட ஒரு வகை இசை இங்கே வளர்ந்தது என்பது என் கணிப்பு. ஊரில் கூத்து விடியும்வரை நடப்பதைப் பார்த்து வளர்ந்தவனாதலால், இரவின் நீளம் கலையின் வடிவத்தை எப்படி மாற்றும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

என் வேலையில் நான் செய்த பெரிய பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2012இல் ஓர் அரங்கில், இடப்புறம் ஓர் அடுக்கு, வலப்புறம் ஓர் அடுக்கு என்று சப்வூஃபர்களை நிறுத்திவிட்டு, எல்லாம் ஒலிக்கின்றன என்ற திருப்தியுடன் ஒதுங்கிவிட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு, ஆடுபவர்கள் அரங்கின் இரு ஓரங்களிலும் கூடி, நடுவில் ஆற்று மணலைப் போல ஒரு வெற்றிடத்தை விட்டிருந்தார்கள். ஏனென்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான், வலப்புற அடுக்கின் இணைப்பில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருந்தேன் என்பது தெரிந்தது. ஒரு பக்கத்து ஒலிபெருக்கிகளின் கூம்புகள் வெளியே தள்ளும்போது மறுபக்கத்துக் கூம்புகள் உள்ளே இழுத்தன. இரண்டுக்கும் சம தொலைவில் உள்ள நடுக்கோட்டில் பேஸ் ஒன்றையொன்று தின்று மறைந்துவிட்டது. பெரியப்பா எந்தப் புதுப் பெட்டியையும் கட்டுவதற்கு முன், ஒன்றரை வோல்ட் பேட்டரியின் முனைகளை அதில் ஒரு கணம் தொட்டு, கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பார்ப்பார். பொறியியல் பட்டத்தோடு வந்த நான் அதை மறந்திருந்தேன். அன்றுமுதல் என் கருவிப்பையில் ஒரு பேட்டரி இருக்கும்.

இனி வாசற்படி. பெர்லின் கிளப்புகளில் வாயில்காவலர்கள் உங்களை ஒரு கணம் பார்ப்பார்கள். பிறகு உள்ளே விடுவார்கள் அல்லது "இன்றைக்கு இல்லை" என்பார்கள். காரணம் கேட்டால் பதில் கிடைக்காது. 2011இல் இரண்டு இந்திய நண்பர்களுடன் ஒரு புகழ்பெற்ற கிளப்பின் வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்று திருப்பி அனுப்பப்பட்டேன். எங்களுக்கு முன்னால் நின்ற வெள்ளையரான நால்வர் உள்ளே போனார்கள். நிறம்தான் காரணமா என்பதை என்னால் நிறுவ முடியாது, ஆனால் அந்த ஐயம் இல்லாமல் எங்களில் ஒருவரும் அன்று வீடு திரும்பவில்லை. மறுவாரம் செவ்வாய்க்கிழமை அதே கிளப்புக்கு ஆம்ப்ளிஃபையர் கொண்டுபோனபோது, பின்கதவைத் திறந்து பிடித்து, பெட்டியின் மறுமுனையைத் தூக்கிக் கொடுத்தவர் என்னைத் திருப்பியனுப்பிய அதே காவலர். அவருக்கு என்னை நினைவில்லை.

இந்தத் தேர்வுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். பெர்லினின் புகழ்பெற்ற டெக்னோ கிளப்பான பெர்க்ஹைனின் முன்னோடி ஆஸ்ட்குட், ஒருபால் ஈர்ப்புள்ள ஆண்களின் கொண்டாட்டங்களிலிருந்து வளர்ந்தது. வெளியே ஏளனத்துக்கு ஆளாகும் ஒருவர் உள்ளே அச்சமின்றி இருக்க வேண்டுமானால், வேடிக்கை பார்க்க வருபவர்களை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. கைப்பேசியின் கேமராமீது ஒட்டுத்தாள் ஒட்டி உள்ளே அனுப்புவதும் அதே காரணத்துக்காகத்தான். இந்தப் பாதுகாப்பின் மதிப்பை உள்ளே பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் பார்வைக்கு இவ்வளவு அதிகாரம் கொடுப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

போதைப்பொருள் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மயங்கி விழுந்தவர்களை மருத்துவ உதவியாளர் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கு உண்டு. அவற்றில் கவர்ச்சியாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வேலை நேரத்தில் தேநீரும் பழச்சாறும் தவிர எதையும் தொடாத நானும், என்னைப் போன்ற பலரும் ஆண்டுக்கணக்கில் அங்கே மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதும் உண்மை. எனக்கு வந்த கேடு வேறு வகையானது. முதல் மூன்று ஆண்டுகள் காதடைப்பான் போடாமல் திரிந்ததன் விளைவாக, இடது காதில் ஒரு மெல்லிய ரீங்காரம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. இதை எழுதும்போதும் அது ஒலிக்கிறது.

ஒரு முறை, ஓர் ஜெர்மானிய டிஜே தன் பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, "இவரை உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். மும்பையின் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த தட்டு அது. ரோலண்ட் நிறுவனம் தனியாக வாசிக்கும் கிட்டார் கலைஞர்களுக்குப் பக்கத்துணையாக இருக்கட்டும் என்று 1981இல் வெளியிட்டு, விற்காமல் போன டிபி-303 என்ற சிறு பேஸ் கருவியை அவர் அதில் பயன்படுத்தியிருந்தார். அதே கருவியின் குமிழ்களைத் திருகி சிகாகோ இளைஞர்கள் ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசையை உருவாக்கியது அதற்கு ஐந்தாண்டுகளுக்குப் பின்னர்தான். அவருடைய தட்டு அன்று இந்தியாவில் கவனிக்கப்படவில்லை, சிகாகோவுக்கும் போய்ச் சேரவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் அதைக் கேட்டது. எனவே அவரை ஆசிட் ஹவுஸின் தந்தை என்று அழைப்பது மிகை. ஆனால் அன்றைக்கு அந்தத் தட்டின் ராகம் ஒன்றை அரங்கின் ஒலிபெருக்கியில் கேட்டபோது, பெர்லின் வந்து இத்தனை நாளில் முதன்முறையாக நான் பெட்டிகளின் முன்பக்கத்துக்குப் போய் ஆடினேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக எல்லா கிளப்புகளும் மூடப்பட்டன. எங்களைப் போன்ற தொழிலாளர்களில் பாதிப்பேர் அந்த ஆண்டில் வேறு வேலைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. நானும் 2022இல் ஒரு கட்டட ஒலியியல் ஆலோசனை நிறுவனத்துக்கு மாறினேன். இப்போது என் வேலை பெரும்பாலும் இரைச்சலை அடைப்பது. இதற்கிடையே அரசின் பார்வையில் கிளப்புகளின் மதிப்பு மட்டும் உயர்ந்துகொண்டே போனது. 2016இல் ஒரு வரி நீதிமன்றம், பெர்க்ஹைனுக்கு மக்கள் வருவது முதன்மையாக இசைக்காகவே என்று ஏற்று, நுழைவுக் கட்டணத்துக்கு 19 விழுக்காட்டுக்குப் பதில் கச்சேரிகளுக்குரிய 7 விழுக்காடு வரி போதும் என்றது. 2021இல் ஜெர்மானிய நாடாளுமன்றம், கிளப்புகளைக் கேளிக்கை விடுதிகளோடு சேர்க்காமல் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2024 மார்ச்சில் பெர்லின் டெக்னோ, நாட்டின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டின் இறுதியில், ஸ்ப்ரே ஆற்றங்கரையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இயங்கிய வாட்டர்கேட் கிளப் மூடப்பட்டது. 1990களில் யாருக்கும் வேண்டாதிருந்த கட்டடங்களின் மனைக்கு இன்று தங்கத்தின் விலை. அவற்றைச் சுற்றி எழுந்த அடுக்ககங்களுக்குக் குடிவந்தவர்கள் முதல் மாதமே இரைச்சல் பற்றிப் புகார் எழுதுகிறார்கள். அந்தப் புகார்களை அளந்து அறிக்கை தருவது இப்போது என் பிழைப்பு என்பதால் அவர்களைப் பழிக்கவும் எனக்கு வாயில்லை.

வரும்போது செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். சனிக்கிழமை நள்ளிரவு வரிசையில் நிற்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், நன்றாக உறங்கி, வயிறார உண்டுவிட்டுப் போங்கள். எட்டுப் பேராகக் கும்பலாகப் போகாமல் ஒருவரோ இருவரோ போவது நல்லது. அன்று யார் வாசிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். வாசலில் கேட்டாலும் கேட்கலாம், கேட்காவிட்டாலும் உங்களுக்கே அது உதவும். மருந்துக்கடையில் காதடைப்பான் கிடைக்கும், சில யூரோக்கள்தான், மறக்காமல் வாங்குங்கள். முதல் ஒரு மணி நேரம் சலிப்பாக இருக்கும், வெளியேறாதீர்கள். உள்ளே போனதும் அரங்கின் நடுக்கோட்டில் சற்று நின்று கவனியுங்கள். அங்கே மட்டும் பேஸ் இல்லை என்று தோன்றினால், ஒலிக் கட்டுப்பாட்டு மேசையில் நிற்கும் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.